நிழலுக்கு எத்தனை புள்ளி?

ஏப்ரல் நடுவில் ஒரு நண்பகலில், மதுரையில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழல் இருக்காது. நகரம் ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. சித்திரைத் திருவிழாவும் இந்த வெயிலில்தான் வருகிறது. அழகர்மலையிலிருந்து இறங்கும் கள்ளழகர் மண்டகப்படிக்கு மண்டகப்படி தங்கித்தான் வைகைக்கு வந்து சேர்கிறார். கூட வரும் சனம் பந்தலையும் வேம்பையும் புளியமரத்தையும் தேடி ஒதுங்கும். இந்தச் சமவெளியில் நிழல் ஒரு சொத்து.

நிழலைக் கேடாகக் கணக்கிடும் ஒரு விளையாட்டைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அது நல்ல விளையாட்டு, கவனித்துச் செய்யப்பட்டது. குறை சொல்வதற்காக அதை எடுக்கவில்லை. காடு எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு அது சொல்லும் பதில் மதுரைக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒரு பலகை விளையாட்டின் விதிகள் உலகத்தைப் பற்றிய ஒரு வாதம். எது அரிது, எது இலவசம், யார் யாருக்குப் பகை என்பதையெல்லாம் விதிப்புத்தகம் ஒரு வரியில் முடிவு செய்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளை அந்த முடிவை விளையாடி விளையாடி உண்மையாக எடுத்துக்கொள்கிறது.

2017-இல் புளூ ஆரஞ்சு நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டின் பெயர் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’. வடிவமைத்தவர் யால்மர் ஹாக். இரண்டு முதல் நாலு பேர் ஆடலாம். வட்டமான காட்டுத்தளத்தில் 37 அறுகோணக் கட்டங்கள்: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி 6, பிறகு 12, வெளியே 18. நடுவில் மண் வளம் அதிகம், விளிம்பில் குறைவு. ஆளுக்கு ஒரு வகை மரம். அட்டையில் வெட்டிச் செருகிய மரங்கள் பலகைமேல் எழும்பி நிற்கும்போது பார்க்கவே அழகாக இருக்கும். பலகையின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சூரிய வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு பக்கம் நகரும்; ஆறு நகர்வில் ஒரு வலம் முடியும். மூன்று வலத்தோடு ஆட்டம் முடிகிறது.

சூரியன் நிற்கும் திசையிலிருந்து வெளிச்சம் நேர்க்கோட்டில் பாயும். சின்ன மரத்துக்கு ஒரு ஒளிப்புள்ளி, நடுத்தர மரத்துக்கு இரண்டு, பெரிய மரத்துக்கு மூன்று. அதே மரங்கள் பின்னால் முறையே ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று கட்டம் நிழல் விழுத்தும். தன்னைவிடப் பெரிய மரத்தின் நிழலிலோ, தன் உயரமே உள்ள மரத்தின் நிழலிலோ நிற்கும் மரத்துக்கு அந்தச் சுற்றில் வெளிச்சமே இல்லை. சேர்த்த ஒளிப்புள்ளியைச் செலவழித்து விதை போடலாம், விதையைச் சின்ன மரமாக்கலாம், சின்னதை நடுத்தரமாக்கலாம், அதைப் பெரிதாக்கலாம். தேர்ந்தவர்களுக்கு ஒரு கூடுதல் விதியும் உண்டு: நிழலில் இருக்கும் மரத்தை வளர்க்க முடியாது.

சூரியன் நகர்வதால் இன்று வெளிச்சம் வாங்குகிறவன் நாளை இருட்டில் நிற்பான். ஆகவே மூன்று நகர்வுக்கு அப்பால் யார் நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விளையாட்டின் சுவை முழுதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. தாயக்கட்டையும் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. பச்சை மரங்களும் சாந்தமான நிறங்களுமாக இருக்கும் இந்தப் பலகையில் நடப்பது கடுமையான சண்டை. பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைத்துக் கட்டுவது எப்படி என்பதை இதைவிடச் சுத்தமாகக் கற்றுத்தரும் ஆட்டம் குறைவு.

இந்த வாதம் பொய்யில்லை. மழை தாராளமாகப் பெய்யும் இடங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டிலோ ஐரோப்பாவின் ஓக் காட்டிலோ, தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை. அங்கே மரங்கள் வெளிச்சத்துக்காகத்தான் உயர்கின்றன. ஒரு கிழமரம் சாய்ந்து கூரையில் ஓட்டை விழுந்ததும், அதுவரை இருட்டில் காத்திருந்த கன்றுகள் போட்டி போட்டு மேலேறும். சூரியன் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வரும் உயர் அட்சரேகை நாட்டுக்காரனுக்குப் பலகையின் ஓரத்தில் நிற்கும் சூரியன் இயல்பான காட்சி. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் அடர்வன முறையும் இதே நம்பிக்கையில் நடப்பதுதான். சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று என்று நெருக்கி நட்டால், வெளிச்சத்துக்கான போட்டியே அவற்றை விறுவிறுவென மேலே தள்ளும். அண்மை ஆண்டுகளில் தமிழக நகரங்களில் மாநகராட்சிகளும் கல்லூரிகளும் இந்த முறையை ஆசையோடு எடுத்துக்கொண்டன. தண்ணீர் ஊற்றுகிற வரையில் அது நன்றாகவே வருகிறது.

நிபந்தனை அந்தத் தண்ணீரில் இருக்கிறது. மதுரையின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை மலைத்தொடர் அந்தப் பக்கத்திலேயே இறக்கிக்கொள்கிறது. ஜனவரியிலிருந்து தரை காயத் தொடங்கினால் சித்திரை, வைகாசியில் வெட்டவெளி மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த மண்ணில் முளைத்த ஒரு வேப்பங்கன்றிடம் போய் உனக்கு வெளிச்சம் போதுமா என்று கேட்பது பொருத்தமான கேள்வியாக இருக்காது. அதைக் கொல்வதே வெளிச்சம்தான்.

ஆகவே இந்த ஊர்க் கன்று வேறு வழி தேடுகிறது. நாகமலையின் அடிவாரத்திலோ மேலூர்ப் பக்கத்துப் பொட்டல்களிலோ ஒரு காரைப் புதரையோ சூரைமுள் புதரையோ கிட்டப்போய் விலக்கிப் பாருங்கள். கை கீறும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளே நடுவில் ஒரு வேம்போ உசிலையோ விரல் பருமனில் நிமிர்ந்திருக்கும். சுற்றிலும் வெறும் தரையில் ஒன்றும் இருக்காது. புதருக்கு அடியில் மட்டும் சருகு மக்கிக் கருத்த மண், தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சி. முள் இருப்பதால் ஆடு வாய் வைக்கவில்லை. பழம் தின்ற கொண்டைக்குருவி புதரில் வந்து உட்கார்ந்ததால்தான் வேப்பவிதையே அங்கே விழுந்தது. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனி, ஆடியில் உதிரும் கொட்டை முளைத்து ஐப்பசி மழை வரும்வரை தாக்குப்பிடிக்கத் துளி நிழலும் ஈரமும் உள்ள இடம் வேண்டும். புதர் அந்த இடத்தைக் கொடுக்கிறது.

சூழலியலில் இதைச் செவிலித்தாவரம் என்கிறார்கள். மார்க் பெர்ட்னஸும் ரேகன் கால்வேயும் 1994-இல் முன்வைத்த கருதுகோள் இதைத் தெளிவாக்கியது: வாழ்வது எளிதான இடத்தில் செடிகளுக்குள் போட்டி மேலோங்கும்; வாழ்வது கடினமான இடத்தில், வறட்சியிலோ உப்பிலோ கடுங்குளிரிலோ, துணை மேலோங்கும். அமெரிக்காவின் சொனோரன் பாலைநிலத்தில் பேருருவச் சகுவாரோக் கள்ளி சின்ன வயதில் ஏதாவதொரு மரத்தின் நிழலில்தான் பிழைக்கிறது என்பது இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று. தமிழ்நாட்டில் இன்னும் பெரிய அளவில் நடந்த சோதனை ஆரோவில். 1968-இல் அது தொடங்கியபோது செம்மண் அரித்துப்போன மேட்டுநிலம். மரம் நட்டவர்கள் அங்கே ஆஸ்திரேலிய அகேசியாவைப் பெருவாரியாக வளர்த்தார்கள். அது சீக்கிரம் வளர்ந்து நிழல் தந்து சருகு கொட்டியது. அதன் அடியில்தான் கடற்கரை உலர் பசுமைமாறாக் காட்டுக்குரிய உள்ளூர் மரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அகேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அதற்குள் அடியில் இருந்த கன்றுகள் வெளிச்சத்தைத் தாங்கும் வயதுக்கு வந்திருந்தன.

இனி விதை போகும் வழியைப் பார்ப்போம். ஃபோட்டோசிந்தசிஸில் தாய்மரத்திலிருந்து ஒன்று முதல் மூன்று கட்டம் வரைதான் விதை போகும். மரம் உயர உயரத் தொலைவு கூடும். காற்றில் பறக்கும் விதைகளுக்கு அது சரி. நம் சமவெளியில் குயிலும் மைனாவும் சின்னானும் தோட்டக்காரர்கள். பனைமரத்தின் மட்டைக்கழுத்தில் சேர்ந்த தூசியில் பறவை எச்சமிட்ட ஆலவிதை முளைத்து, விழுதை இறக்கி, பத்திருபது வருடத்தில் பனையைக் கட்டிப்பிடித்து நிற்பதைக் கண்மாய்க்கரைகளில் பார்க்கலாம். அந்த ஆலுக்குத் தாய்மரம் எந்த ஊரிலோ! ஆடும் அப்படித்தான். கன்றைக் கடித்து ஒழிக்கும் அதே ஆடு சீமைக்கருவேல நெற்றைத் தின்று, கொட்டையைப் புழுக்கையோடு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மரம் தென்மாவட்டக் கண்மாய்களை நிரப்பியதில் ஆட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அளவுக்கு அது பெருகியிருந்தது. ஒரு விளையாட்டில் ஆட்டை வைத்தால் அது எதிரியா கூட்டாளியா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆடுபுலி ஆட்டம் கண்ட ஊருக்கு இது புதுமையும் இல்லை: பதினைந்து ஆடும் மூன்று புலியும் ஆடும் அந்த முக்கோணப் பலகையில் தனி ஆடு இரை, சேர்ந்த ஆடு மதில்.

மதுரைக்குப் பலகை விளையாட்டு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நகரத்துக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடி அகழாய்வில் ஆட்டக்காய்களும் தாயக்கட்டைகளும் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. அங்கே ஓர் அடுக்கின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019-இல் வெளியான தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை சொல்கிறது. கட்டம் வரையாமல் வட்டாடுவதை வள்ளுவர் 401-ஆம் குறளில் உவமையாக்குகிறார் என்றால், கட்டம் போட்டு ஆடுவது கேட்பவருக்கெல்லாம் தெரிந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் சொல்லவரும் விஷயத்துக்கு நெருக்கமானது பல்லாங்குழி. விதை விதைப்பதையே ஆட்டமாக்கியது அது. பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி; குழிக்கு ஐந்தோ ஆறோ முத்து. முத்து என்பது பெரும்பாலும் புளியங்கொட்டை, வசதிப்பட்டால் சோழி. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதை வழித்துவிட்டு, அதற்கு அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தில் என் முத்து, உன் முத்து என்று நிறம் இல்லை. ஏழாவது குழியைத் தாண்டினால் எதிராளியின் குழியில் போட்டே ஆக வேண்டும். அவளை ஊட்டாமல் நான் விதைக்க முடியாது. இன்னொன்று, பசு. ஆட்டத்தின் போக்கில் ஏதாவதொரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். நாலாவது முத்தைப் போட்டது யார் கை என்பது கணக்கில் வராது. ஆட்டத்தின் நடுவே “ஏய், பசு எனக்குடி” என்று எதிரே இருக்கிற ஆச்சி சட்டென்று கையை நீட்டி அள்ளிக்கொள்வாள்; போட்டுக்கொண்டிருந்த பேத்தி கையைப் பிசைவாள். ஒருவர் உழைப்பு இன்னொருவர் நிலத்தில் விளைவதை விதியாகவே வைத்திருக்கும் ஆட்டம் இது. புதருக்கும் வேம்புக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நெருங்கிய விதியை நான் வேறெந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

ஃபோட்டோசிந்தசிஸின் இன்னொரு விதியும் என்னை உறுத்துகிறது. அதில் மரம் வளர்ப்பதற்கு மட்டும் வெற்றிப்புள்ளி கிடையாது. பெரிய மரத்தை நாலு ஒளிப்புள்ளி கொடுத்துப் பலகையிலிருந்து எடுத்தால்தான் அந்த மண்ணின் வளத்துக்கு ஏற்ற புள்ளி கைக்கு வரும். நடுக்கட்டமானால் 22 வரை. மரம் தன் ஆயுளை முடித்து மண்ணுக்குத் திரும்புகிறது என்று விதிப்புத்தகம் நயமாகச் சொல்கிறது. ஆட்ட நியாயப்படி இது சரியான ஏற்பாடுதான். பெரிய மரங்களை எடுக்காவிட்டால் பலகை இருண்டு உறைந்துவிடும். ஆனாலும் ஆட்டம் முடியும்போது ஜெயித்தவரின் காடு பலகையில் பெரும்பாலும் இருக்காது.

மதுரையைச் சுற்றி இதற்கு நேர் எதிரான ஒரு விதியை ஊரே கூடி நடத்திக் காட்டுகிறது. கோயில்காட்டில் ஒன்றையும் எடுப்பதில்லை. விறகு ஒடிப்பதில்லை, விழுந்த கொம்பையும் தூக்கிவருவதில்லை, காவல்தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நத்தம் பக்கம், அழகர்மலைக் காட்டை ஒட்டிய காசம்பட்டியில் வீரகோயில்காடு ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான். 2025-இல் அது தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. முதலாவது, மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், லகுடு வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்கு, சமணர் படுக்கை, தமிழி எழுத்து, குடைவரைக் கோயில், பாசனக் கண்மாய்கள் எல்லாம் ஒரே நிலத்தில். 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனபோது, சுற்றுவட்டார ஊர்கள் திரண்டு மதுரைவரை நடந்துவந்தன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எடுத்தால்தான் புள்ளி என்ற கணக்கை அந்த ஊர்க்காரர்கள் ஏற்கவில்லை. நின்றிருப்பதற்கும் புள்ளி உண்டு என்பது அவர்கள் தலைமுறையாக ஆடிவந்த ஆட்டம்.

அப்படியானால் இந்த மண்ணுக்கு ஒரு காடு வளர்ப்பு ஆட்டம் எப்படி இருக்க வேண்டும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பலகை வட்டமாக இருக்கக்கூடாது, நடுவில் வளமும் இருக்கக்கூடாது. மேலே குன்று, நடுவில் பொட்டல், கீழே கண்மாய் என்று சரிவாக வேண்டும். வளம் கீழே இருக்கும். ஆனால் கண்மாய்க்குள்ளேயே மரம் நட்டால் தண்ணீர் நிற்கும் இடம் குறையும். 1980-களில் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக்காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்களில் கருவேலம் போட்ட அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. வெயில் எல்லாருக்கும் எப்போதும் இலவசம், அதற்குப் புள்ளி வேண்டாம். நாணயம் தண்ணீர்தான். சூரியன் தவறாமல் நகர்வதுபோல மழை தவறாமல் வராது. ஆகவே ஐப்பசிச் சுற்றுக்கு முன் சோழி உருட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மழை, அரைமழை, பொய்த்த மழை. விதையை வெட்டவெளியில் போட்டால் கோடையில் செத்துவிடும். ஏதாவதொரு நிழலிலோ புதரிலோ போட்டால்தான் பிழைக்கும். புதர் யாருக்கும் சொந்தமில்லை. உன் மரத்தின் நிழலில் என் கன்று பிழைத்தால், பசு விதிபோல, உனக்கும் அதில் பங்கு. கோடைச் சுற்றில் ஆடு பலகைமேல் நடக்கும். முள்ளுக்குள் இல்லாத கன்றைத் தின்னும், போன வழியில் சீமைக்கருவேலம் போடும். கடைசியில் நிற்கும் மரத்துக்கு மட்டுமே புள்ளி.

சிக்கலான விதி ஒன்று மிச்சமிருக்கிறது. செவிலி என்றைக்கும் செவிலியாக இருப்பதில்லை. காரைப் புதருக்குள் வளர்ந்த வேம்பு ஒருநாள் தலைக்குமேல் விரிந்து, தன்னைக் காத்த புதரையே நிழலால் மெலிய வைக்கும். நல்ல மழை வருடத்தில் பக்கத்து மரம் போட்டிக்காரன்; பொய்த்த வருடத்தில் அதே மரம் காவல். ஆகவே நிழலின் மதிப்பு ஒரே எண்ணாக இருக்க முடியாது. சோழி நல்ல மழை காட்டினால் வளர்ந்த மரத்தின் நிழல் பின்னால் நிற்கும் நடுத்தர மரத்துக்கு ஒரு புள்ளி குறைக்கட்டும். மழை பொய்த்தால் ஒரு புள்ளி கூட்டட்டும். கன்றுக்கு இரண்டு நிலையிலும் கூட்டல்தான். இந்த மாற்றத்தில் ஆட்டம் தட்டையாகிவிடுமா, எல்லாரும் ஒரே ஓரத்தில் குவிந்துவிடுவார்களா, முதலில் ஆடுபவருக்கு அநியாயமாகச் சாதகம் சேருமா என்பதை ஆடித்தான் பார்க்க வேண்டும். அதற்கு அச்சடித்த அட்டைப்பெட்டி தேவையில்லை. கோடை விடுமுறையில் திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, கன்றுக்குப் புளியங்கொட்டை, பெரிய மரத்துக்குக் கூழாங்கல், புதருக்குக் கொஞ்சம் உலர்ந்த முள் என்று வைத்தால் போதும். பிள்ளைகள் ஆடட்டும். எந்த விதியில் சண்டை வருகிறது என்று பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம். சண்டை வரும் இடத்தில் விதியைத் திருத்த வேண்டியிருக்கும்.